மூன்றாவது நிமிடத்தில் அட்டெண்டிங் நிறுத்திவிடுகிறார்!

கேள்வி: மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். எலெக்டிவ் ரொட்டேஷனுக்காக (நாமே தேர்ந்தெடுக்கும் மருத்துவமனைப் பயிற்சி) அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு நான்கு வாரம் வந்திருக்கிறேன். முதல் வாரம் முடிந்துவிட்டது. ரவுண்ட்ஸில் நான் கேஸ் சொல்லத் தொடங்கிய மூன்றாவது நிமிடமே அட்டெண்டிங் (பொறுப்பு மூத்த மருத்துவர்) நிறுத்தி, "சரி, என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்கிறார். தெரிந்த பதில்கூட வாயில் வருவதில்லை. போனில் நர்ஸ் பேசுவது பாதி புரியாமலே "ஓகே" சொல்லி வைத்துவிடுகிறேன். பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது. பட்டம் வாங்கியதும் அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவமனையில் அப்சர்வர்ஷிப் (பார்வையாளராக மட்டும் இருக்கும் பயிற்சி) இருக்கிறது. அதற்கு எப்படித் தயாராவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் படிப்பில் குறை இருப்பதாக உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றவில்லை. நீங்கள் பழகிய கேஸ் வேறு, அங்கே எதிர்பார்க்கும் கேஸ் வேறு. நம் தேர்வுகளில் லாங் கேஸ் என்றால் பெயர், வயது, தொழிலில் தொடங்கி, "பேலர் இல்லை, இக்டெரஸ் இல்லை, சயனோசிஸ் இல்லை, கிளப்பிங் இல்லை" என்று வரிசை பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். டயக்னோசிஸ் கடைசியில்தான் வரும், அதுவும் தேர்வாளர் கேட்டால். உங்கள் அட்டெண்டிங் பெரும்பாலும் சார்ட்டைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் ரவுண்ட்ஸுக்கு வருவார். எண்கள் அவர் கையில் இருக்கின்றன. அந்த எண்களை வைத்து நீங்கள் என்ன யோசித்தீர்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் நிறுத்துகிறார்.

ஆகவே முடிவை முன்னால் கொண்டுவாருங்கள். மூச்சுத் திணறலோடு வந்த ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். முதல் வாக்கியம் இப்படி: "ஏற்கெனவே இதயச் செயலிழப்பும் சர்க்கரை நோயும் உள்ள 62 வயதுப் பெண், மூன்று நாளாக மூச்சுத் திணறல், இரண்டு காலிலும் வீக்கம்." அடுத்து நேற்றிரவு முதல் நடந்தது, வைட்டல்ஸ், இந்த நோய்க்குப் பொருத்தமான பரிசோதனை முடிவுகள் மட்டும். பிறகு தயங்காமல்: "இதயச் செயலிழப்பு முற்றியிருப்பதாக நினைக்கிறேன். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது, கழுத்துச் சிரை உயர்ந்திருக்கிறது, இரு நுரையீரலின் அடியிலும் கிரெப்ஸ் (நொறுநொறுவென்ற சத்தம்). ஃபுரோசமைட் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் கன்சாலிடேஷன் (நுரையீரல் கெட்டிப்பட்ட பகுதி) இல்லை என்பதால் நிமோனியாவுக்கு வாய்ப்புக் குறைவு." அப்புறம் பிளான்: "வீட்டில் 40 மில்லிகிராம் வாய்வழியாக எடுத்தவர். இங்கே அதே அளவை ஐ.வி.யில் தொடங்கி, ஆறு மணி நேரச் சிறுநீர் அளவைப் பார்த்து, போதாவிட்டால் இரட்டிப்பாக்கலாம். தினமும் எடை, பொட்டாசியம், கிரியாட்டினின். மாத்திரை ஏன் வாங்க முடியவில்லை என்று சோஷியல் வொர்க்கர் மூலம் விசாரிக்க வேண்டும்."

இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அந்த அம்மா மறுபடியும் இதே மூச்சுத் திணறலோடு வந்து நிற்பார்.

மொத்தம் நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே நோயாளியைப் பார்த்துவிட்டு, "நினைக்கிறேன்" என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் ஒரு கார்டில் முழுசாக எழுதுங்கள்; மற்றவற்றுக்குக் குறிப்பு போதும். உங்கள் டயக்னோசிஸ் தவறிப்போனால் மரியாதை போகாது. காரணத்தோடு சொன்ன தவறான பதிலை அட்டெண்டிங்கால் திருத்த முடியும், மௌனத்தை வைத்து அவர் என்ன செய்வார்? உண்மையிலேயே தெரியாவிட்டால், "தெரியவில்லை, பார்த்துவிட்டு மதியம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மதியம் நீங்களாகவே போய்ச் சொல்லவும் வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

போன் விஷயம் உடனே நிறுத்த வேண்டிய ஒன்று. புரியாமல் சொல்லும் "ஓகே" நோயாளியின் உயிரோடு விளையாடுவது. இனி எந்த அழைப்பிலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "412ஆம் அறை, பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்பது, சரிதானே?" பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். ஆகவே "ஒன்று, ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகக் கேளுங்கள். பிறகு, "நான் மாணவி, ஆர்டர் போட எனக்கு அனுமதியில்லை, ரெசிடென்ட்டிடம் (மேற்பயிற்சியில் இருக்கும் டாக்டர்) இப்போதே சொல்கிறேன்" என்று சொல்லி, அதேபோல் உடனே சொல்லுங்கள். திருப்பிச் சொல்வது அங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மருந்துப் பெயர்களுக்கு ஒரு நாள் மாலை போதும். பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்பூட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், லிக்னோகெயின் லிடோகெயின், பெத்திடின் மெபெரிடின். பேச்சில் டைலெனால், லாசிக்ஸ், ஜோசின் என்று பிராண்ட் பெயர்கள்தான் அதிகம் புழங்கும். தேதியில் மாதம்தான் முன்னால் வரும். 03/04 என்றால் மார்ச் 4. பழைய ரிப்போர்ட்டைப் படிக்கும்போது இதில் ஏமாந்துபோவது சுலபம்.

நோயாளியின் அறையில் எதிர்பார்ப்புகள் கொஞ்சம் வேறு. கதவைத் தட்டுங்கள், கையைச் சுத்தம் செய்யுங்கள், பெயரையும் மாணவி என்பதையும் சொல்லுங்கள், தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது கெட்ட செய்தியில். புற்றுநோய் என்றால் மகனைத் தனியே அழைத்துச் சொல்லும் வழக்கத்தில் வளர்ந்திருப்போம். அங்கே தகவல் நோயாளிக்கு உரியது. அவர் சம்மதித்தால்தான் குடும்பத்துக்கு. மகன் வராந்தாவில் உங்களைப் பிடித்து, "அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்றால் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்கள் கவலை புரிகிறது, டாக்டரிடம் சொல்கிறேன்" என்று சொல்லி அட்டெண்டிங்கிடம் கொண்டுபோங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவர் அந்த அம்மாவிடமே கேட்பார். வேறு மொழி பேசும் நோயாளி என்றால் மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். தமிழ் பேசுபவராகவே இருந்தாலும் டீமைக் கேட்காமல் நீங்களாக மொழிபெயர்க்க இறங்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் பொறுப்பில் இல்லாத நோயாளியின் சார்ட்டை ஆர்வத்தில்கூடத் திறக்க வேண்டாம். யார், எப்போது, எதைப் பார்த்தார்கள் என்பது கணினியில் பதிவாகிறது. 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் இது தனியுரிமை மீறல். ரொட்டேஷன் அன்றோடு முடிந்துவிடலாம்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வருகிறேன். இந்த வாரமே அட்டெண்டிங்கிடம் ஐந்து நிமிடம் கேட்டு, "அடுத்த இரண்டு வாரத்தில் நான் மாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று எது?" என்று கேளுங்கள். "எப்படிச் செய்கிறேன்?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாகத்தான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். அவர் சொன்னதை மறுநாளே செய்து காட்டுங்கள். கடிதத்தில் எழுத அவருக்குப் பொருள் கிடைப்பது அங்கேதான்: முதல் வாரம் தயங்கியவர், சொன்னதைக் கேட்டு மாறினார் என்பது. கடைசி வாரத்தில் நேரில், "வலுவான கடிதம் தர இயலுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி விலகி, உங்களோடு அதிகம் வேலை செய்த வேறொரு அட்டெண்டிங்கைக் கேளுங்கள். ரெசிடென்சி (மேற்பயிற்சி) விண்ணப்பத்துக்கான ஈராஸ் இணைய முறையில் கடிதத்தை எழுதியவரோ அவர் சார்பில் ஒருவரோதான் பதிவேற்ற வேண்டும், நீங்கள் பதிவேற்ற முடியாது. அதற்கான படிவம் விண்ணப்ப ஆண்டில்தான் உங்கள் கைக்கு வரும். ஆகவே நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த நாலைந்து நோயாளிகளைப் பற்றி, பெயர் இல்லாமல், ஒரு பக்கக் குறிப்பும் கொடுங்கள். ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் நான்கு கடிதங்கள்தான் அனுப்ப முடியும்.

அப்சர்வர்ஷிப் முற்றிலும் வேறு வகை. எலெக்டிவ் மாணவியாக இப்போது ஹிஸ்டரி எடுக்கிறீர்கள், பரிசோதிக்கிறீர்கள். அப்சர்வராகப் போனால் பார்க்கலாம், கேட்கலாம், டீமோடு விவாதிக்கலாம். நோயாளியைத் தொடக்கூடாது, நோட்ஸ் எழுதக்கூடாது. "சும்மா வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்" என்று ரெசிடென்ட் சொன்னாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். விசாவுக்கும் உங்கள் பெயருக்கும் அது ஆபத்து. அங்கே உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு பேச்சு மட்டுமே. ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஒரு நோயாளியைப் பற்றி நல்ல கேள்வி ஒன்று, வாரம் ஒருமுறை பத்து நிமிடத் தலைப்பு ஒன்று என்று நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கான தடுப்பூசிப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை நிபந்தனை மாறும், இந்த ரொட்டேஷனுக்குக் கொடுத்த சான்றுகள் அங்கே செல்லாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் அளவு 10க்குக் கீழே இருந்து முழு வரிசையும் போட வேண்டிவந்தால் 0, 1, 6 என ஆறு மாதம் ஓடிவிடும். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி) இரண்டு டோஸுக்கு நடுவே குறைந்தது 28 நாள். சிறுவயதில் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர் என்றால் காசநோய்க்குத் தோல் பரிசோதனை தவறாக பாசிட்டிவ் காட்டக்கூடும், குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த ரத்தத்தை எம்.எம்.ஆர். போடும் நாளிலோ அதற்கு முன்போ கொடுத்துவிட வேண்டும். தவறினால் ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.