சமீபத்தில் நீங்கள் படித்த நாவல்கள், சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களில் மனதை விட்டு நீங்காதவை எவை? ஏன்?

எட்டு மாதமாக வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். செவ்வாயும் வெள்ளியும். ஊசி போட்டு மெஷினில் இணைத்துவிட்டால் 4 மணி நேரம். கூட இருப்பவர்கள் வெளியே வராந்தாவில்தான் உட்கார வேண்டும். கல்லூரி முடித்த பிறகு இத்தனை வருடத்தில் படித்ததைவிட அந்த இரும்பு நாற்காலியில் இந்த எட்டு மாதத்தில் படித்தது அதிகம். நாவல்களைப் புத்தகமாக, காமிக்ஸை டேப்லெட்டில். கேள்வியைப் பார்த்ததும் பட்டியல் போட்டுப் பார்த்தேன். மனதில் நின்றவை எல்லாமே ஒரே கதையைத்தான் சொல்கின்றன: ஒருவர் தனக்கு வேண்டியவரைக் காப்பாற்றத் துடிக்கிறார், கையில் இருப்பது எதுவும் உதவவில்லை. தேடிப் பிடித்து அப்படிப் படிக்கவில்லை. உட்கார்ந்திருந்த இடம் அப்படி.

(கதைகளின் முடிவுகளைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.)

முதலில் இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-ல் வந்த நாவல், 2020-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. பொறியியல் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். வீட்டில் யாருக்கும் அதில் சம்மதமில்லை. பிறகு ஒருநாள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுவரப்படுகிறாள். அவளுடைய அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். எத்தனை லட்சம் ஆனாலும் செலவழிக்கத் தயாராக நிற்கிறார். வாங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. அந்த வார்டில் பணத்தால் ஆகக்கூடியது ஒன்றுமே கிடையாது.

நாவலின் பெரும்பகுதி வெளியே காத்துக் கிடப்பவர்களின் பேச்சு. திட்டு, புலம்பல், யார்மேல் தப்பு என்ற வாக்குவாதம், நடுவில் யாரோ ஒருவர் எல்லோரையும் சாப்பிடச் சொல்வது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வீட்டில் இருந்து படித்திருந்தால் இழுவை என்று சொல்லியிருப்பேன். வராந்தாவில் இருந்து படித்ததால் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் மனிதர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், சொன்னதைச் சொல்லிச் சொல்லித்தான் பொழுது போகிறது. நான் அந்தப் புத்தகத்தின் நடுவில் இருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் மஞ்சள் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்க் கட்டை எடுத்து எண்ணிவிட்டு உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து எண்ணினார். நான் கிளம்பும்வரை எண்ணிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மூடிய புத்தகத்தைத் திறக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு குறை சொல்ல வேண்டுமானால், ரேவதியின் மனதுக்குள் இன்னும் கொஞ்சம் போயிருக்கலாம் என்று ஏங்கினேன். அவளைப் பற்றி ஊரே பேசுகிறது, அவள் பேசுவதுதான் போதவில்லை.

அதற்கு நேர் எதிரான உலகம் போலத் தோன்றும் நாவல், மைக்கேல் சேபனின் 'தி அமேசிங் அட்வென்சர்ஸ் ஆஃப் கவலியர் அண்ட் கிளே'. 2000-ல் வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. 1939-ல் பிராக் நகரத்திலிருந்து நாஜிகளிடம் தப்பித்து நியூயார்க் வந்து சேரும் யூதப் பையன் ஜோ கவலியர். அவனுடைய புரூக்ளின் சொந்தக்காரப் பையன் சாம் கிளே. இருவரும் சேர்ந்து 'எஸ்கேபிஸ்ட்' என்று ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்குகிறார்கள். எந்தப் பூட்டையும் விலங்கையும் உடைத்துக்கொண்டு வெளியே வருபவன். மற்றவர்களையும் விடுவிப்பவன்.

ஜோ அட்டைப்படத்தில் ஹிட்லரை அடித்து நொறுக்குகிறான். நிஜத்திலும் அப்படி நடந்தது. ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய கேப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1940 டிசம்பரில் கடைக்கு வந்தது. அட்டையில் ஹிட்லரின் தாடையில் குத்து. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு! நாவலில் ஜோ சம்பாதித்ததைச் சேர்த்து வைத்து, பிராக்கில் மாட்டிக்கொண்ட தம்பியைக் கப்பலேற்றி வரவழைக்கப் பாடுபடுகிறான். அகதிக் குழந்தைகளோடு வந்த அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிடுகிறது.

இங்கே நடேசன் ஞாபகம் வந்துவிட்டது. இதுவும் செல்லாத பணம்தானே?

தம்பி போன பிறகு ஜோ கடற்படையில் சேர்கிறான். கொண்டுபோய் அண்டார்டிகாவில் போடுகிறார்கள். அந்தப் பனிப் பாலைவனத்தில் அவன் கைக்கு எட்டும் ஒரே எதிரி, தனியாக இருக்கும் ஒரு ஜெர்மானிய நிலவியலாளர். காகிதத்தில் பக்கம் பக்கமாக நாஜிகளை அடித்து வீழ்த்தியவன், உயிருள்ள ஒரு ஜெர்மானியர் முன்னால் நிற்கிறான். அந்த ஆள் சாகிறார். ஜோவுக்கு ஒரு துளி நிம்மதி கிடைப்பதில்லை. இந்த ஆண்டு நான் படித்ததிலேயே பெரிய எழுத்து அந்தப் பகுதி. அதற்குப் பிறகு வரும் கடைசிப் பாகம் எனக்குக் கொஞ்சம் தளர்ந்துதான் தெரிந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

நாவலில் வரும் பையன்கள் தங்கள் ஹீரோவின் உரிமையைச் சொற்பக் காசுக்கு விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் நிற்பவர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும். தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனின் உரிமையை 1938-ல் 130 டாலருக்குக் கொடுத்தவர்கள். 1975 வரை போராடிய பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், கதையில் தங்கள் பெயரும் கிடைத்தன. சீகலின் அப்பா கிளீவ்லாந்தில் துணிக்கடை வைத்திருந்தவர். 1932-ல் கடையில் திருட்டு நடந்தபோது நெஞ்சுவலியில் இறந்துபோனார். அப்பாவைக் கடையில் பறிகொடுத்த பையன்தான் சில வருடத்தில் அசுர பலம் கொண்ட ஒருவனை எழுதினான் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சை அடைக்கிறது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: லயன் காமிக்ஸில் நாம் விழுந்து விழுந்து படித்தோமே, கூர்மண்டை ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் அல்ல, இவன் வேறு), அவனுடைய பல சாகசங்களை எழுதியவரும் இதே ஜெர்ரி சீகல்தான். 1960-களில் பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்காக எழுதினார். ஸ்பைடரை உருவாக்கியது டெட் கோவன், வரைந்தது ரெஜ் பன். சூப்பர்மேனைப் பெற்றவரின் கதையை சிவகாசி அச்சில், தமிழில், அட்டை கிழியக் கிழிய நாம் படித்திருக்கிறோம். அண்ணனுக்காக அப்பா பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி வருவார். அண்ணன் தூங்கிய பிறகு அதை எடுத்துப் படிப்பது நான்.

இனி காமிக்ஸ். கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் கொய்ட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்', 2005 முதல் 2008 வரை 12 இதழ்கள். சூரிய சக்தி அளவுக்கு மீறி உடம்பில் ஏறி சூப்பர்மேன் செத்துக்கொண்டிருக்கிறார். இருக்கும் நாளில் செய்து முடிக்க வேண்டியவை நிறைய. நான் எத்தனையோ தடவை திரும்பிப் போனது 6-வது இதழுக்கு. இளவயது கிளார்க், அதாவது சூப்பர்மேன், ஸ்மால்வில் பண்ணையில் இருக்கிறான். காலத்தைத் தின்னும் ஒரு ஜந்துவோடு நடக்கும் சண்டையில் அவன் வாழ்க்கையில் 3 நிமிடம் காணாமல் போகிறது. சரியாக அந்த 3 நிமிடத்தில் அப்பாவின் இதயம் நின்றுவிடுகிறது. உலகின் எந்த மூலையிலும் ஊசி விழுந்தால் கேட்கும் காது, அப்பாவின் இதயத் துடிப்பைத் தேடுகிறது. கேட்கவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கிறான். பலனில்லை.

அதே இதழில் முகம் முழுக்கத் துணி சுற்றிய ஒரு வருங்கால சூப்பர்மேன் வருவார். கடைசியில்தான் தெரியும், அது சாகப்போகும் இதே சூப்பர்மேன். அப்பாவை ஒரே ஒரு தடவை பார்ப்பதற்காகக் காலத்தைக் கடந்து வந்தவர். காப்பாற்ற அல்ல, பார்க்க. அந்தப் பக்கத்தைப் படித்த வெள்ளிக்கிழமை, நேரமாவதற்கு முன்பே எழுந்து போய்க் கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

10-வது இதழில், உயரமான கட்டடத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணிடம் சூப்பர்மேன் வந்து, அவளுடைய மருத்துவர் வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை, வழியில் மாட்டிக்கொண்டார் என்று சொல்லி அணைத்துக்கொள்ளும் பக்கத்தைப் பலரும் கொண்டாடுவார்கள். தகும். வானத்தைத் தாங்கும் கை ஒரு பெண்ணின் தோளில் படுகிறது, அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

டாம் கிங் எழுதி கேப்ரியல் எர்னாண்டஸ் வால்டா வரைந்த 'தி விஷன்' (2015–16, இதுவும் 12 இதழ்கள்) வேறு மாதிரி வலி. அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோக் குழுவில் இருக்கும் செயற்கை மனிதன் விஷன், தனக்கென்று ஒரு மனைவி, ஒரு மகன், ஒரு மகள் எல்லோரையும் தானே உருவாக்கிக்கொண்டு, வாஷிங்டன் அருகே ஆர்லிங்டனில் ஒரு சாதாரணத் தெருவில் குடியேறுகிறான். அக்கம்பக்கத்தார் பிஸ்கட் செய்து எடுத்து வருகிறார்கள். இவர்களோ சாப்பிடவே தேவையில்லாதவர்கள். இப்படி வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது கதை. வீட்டுக்குள் புகுந்தவனை மனைவி வர்ஜீனியா கொன்று கொல்லைப்புறத்தில் புதைக்கிறாள், கணவனிடம் மறைக்கிறாள். ஒரு பொய், அதை மூட இன்னொரு பொய். உலகத்தை 37 முறை காப்பாற்றியவன் விஷன் என்று கதை கணக்குச் சொல்கிறது. தன் வீட்டில் இருக்கும் நான்கு பேரைச் சேர்த்து வைக்க அவனால் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் தப்பு செய்வது கெட்ட எண்ணத்தால் அல்ல, பாசத்தால். எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் என்பதால்தான் பயமாக இருந்தது. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரை 2017-ல் பெற்றது. சூப்பர் ஹீரோ என்றாலே சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்று நினைக்கும் நாவல் வாசகர்களிடம் முதலில் இதைத்தான் நீட்டுவேன்.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். காப்பாற்ற முடியாமல் போவதை எழுதுவது வேறு, ஹீரோவுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கொல்வது வேறு. 1994-ல் வந்த ஒரு 'கிரீன் லாண்டர்ன்' கதையில் ஹீரோவின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருப்பார்கள். கெயில் சிமோன் 1999-ல் இப்படிப் பலியான பெண்களின் நீண்ட பட்டியலை இணையத்தில் போட்டு, அதற்கு அந்த ஃபிரிட்ஜின் பெயரையே வைத்தார். பிறகு அவரே பல முக்கியமான காமிக்ஸ்களை எழுதினார். ஊர் உலகம் புகழும் பேட்மேன் கதை 'தி கில்லிங் ஜோக்' (1988) எனக்கு ஒப்பவில்லை. பிரையன் போலண்டின் ஓவியம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் வில்லன் ஜோக்கர், பேட்கேர்ளாக இருந்த பார்பரா கார்டனைச் சுட்டு முடமாக்குவது, அவள் அப்பாவைப் பைத்தியமாக்க முடியுமா என்று பார்ப்பதற்காக மட்டுமே. அவளுக்கு என்ன ஆனது என்று அந்தக் கதைக்கு அக்கறையே இல்லை. அவளைச் சக்கர நாற்காலியில், மற்ற ஹீரோக்களுக்குத் தகவல் திரட்டித் தரும் 'ஆரக்கிள்' ஆக எழுப்பி நிறுத்தியவர்கள் பின்னால் வந்த ஜான் ஆஸ்ட்ராண்டரும் கிம் யேலும்.

அப்படியானால் 1973-ல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசி இறந்தது? 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121. அதை மட்டும் அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாலத்திலிருந்து விழும் அவளை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். அந்தக் கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'ஸ்னாப்' என்று ஒரு சத்தம். கவனிக்காமல் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்ன எழுத்து. பிடித்துவிட்டோம் என்ற பெருமையோடு அவளை மேலே இழுக்கிறான். காப்பாற்றப் போட்ட வலையே அவளைக் கொன்றதோ என்ற கேள்வி அதன் பிறகு ஸ்பைடர்மேனை விட்டதே இல்லை. (வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, வரைந்திருப்பது புரூக்ளின் பாலம்.)

மனதை லேசாக்கியதும் ஒன்று உண்டு. மேட் ஃபிராக்‌ஷன், டேவிட் அயா கூட்டணியின் 'ஹாக்ஐ' (அவெஞ்சர்ஸின் வில்வீரன்) 11-வது இதழ், 2013. கதை முழுக்க ஒரு நாயின் கண் வழியே. நாய்க்குப் புரியும் ஒன்றிரண்டு சொல் மட்டும் தெளிவாக இருக்கும், மற்ற பேச்செல்லாம் கிறுக்கல். மனிதர்களை அது வாசனையால் அடையாளம் காண்பதைச் சின்னச் சின்னப் படக்குறிகளாக வரைந்திருப்பார் அயா. 20 நிமிடத்தில் படித்துவிடலாம்.

டயாலிசிஸுக்காக அப்பாவின் இடது முன்கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதாவது தமனியையும் சிரையையும் இணைத்திருக்கிறார்கள். அதன்மேல் கை வைத்தால் உள்ளே கரண்ட் ஓடுவது மாதிரி விர்ரென்று அதிரும். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதிர்வு இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். போன வாரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார், "ஏம்மா, கரண்ட் பாய்ஞ்சா மறைஞ்சு போவானே, கை மட்டும் தெரியுமே, அவன் பேரென்ன?" 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழில் வந்த இரும்புக்கை மாயாவி. அண்ணனுக்கு வாங்கி வந்தாரே ஒழிய, தானும் படித்திருக்கிறார் என்பது இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

மாயாவி மறுபதிப்பு ஒன்றை வாங்கிவிட்டேன். ஊசி குத்தாத வலது கையால் பக்கம் புரட்டலாம். வெள்ளிக்கிழமை அதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், வராந்தாவில் எனக்கு 'ஹாக்ஐ'யின் அடுத்த இதழ்கள் இருக்கின்றன.