பெயர் வெட்டாத அமெரிக்க நீளத் துவக்கு: செய்தவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கும் மகன் ஏலத்தில் ஒரு பழைய நீளத் துவக்கு (வாய்வழியாக மருந்து ஏற்றும் ‘லோங் ரைபிள்’) எடுத்திருக்கிறார். மேப்பிள் மரம், பித்தளைப் பூண்கள். குழலில் பெயர் இல்லை. பூட்டில் (மருந்தைப் பற்றவைக்கும் பொறியில்) ‘கெட்லண்ட்’ என்றும், சோங்கின் (தோளில் பதியும் மரப்பகுதியின்) கழுத்தில் உள்ள வெள்ளித் தகட்டில் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. செய்தவரைக் கண்டுபிடிக்க இது போதுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: போதாது. கெட்லண்ட் என்பது இங்கிலாந்தின் பர்மிங்காமில் துவக்குத் தொழில் செய்த குடும்பம். அவர்களுடைய பூட்டுகள் அமெரிக்காவுக்கு ஏராளமாகப் போயின. அங்குள்ள கைவினைஞர்கள் அவற்றை விலைக்கு வாங்கிப் பொருத்தினார்கள். வெள்ளித் தகட்டு எழுத்துகள் பெரும்பாலும் துவக்கின் சொந்தக்காரருடையவை. குழலின் அடிப்பக்கத்தில் முத்திரை இருந்தால் அதுவும் குழலை மட்டும் அடித்தவருடையதாக இருக்கலாம். வாங்கிப் பூட்டிய உறுப்புகளை ஒதுக்கிவிட்டு, ஒருவர் தன் கையால் செதுக்கியதையும் வெட்டியதையும் பார்த்தால்தான் ஆளை நெருங்கலாம்.

அதற்கு முன் ஒரு காரியம். துவக்கு மருந்து ஏற்றியபடி இருக்கிறதா என்று மகன் இன்றே பார்க்க வேண்டும். மெல்லிய மரக்கோலைக் குழலின் வாய்வழியாக முட்டும்வரை விட்டு, வாய் விளிம்பில் அடையாளம் இட்டு எடுத்து, குழலின் வெளிப்புறத்தோடு ஒட்டி வைக்கட்டும். கோலின் நுனி பூட்டருகே உள்ள தீத்துளைவரை வர வேண்டும். ஓரிரு அங்குலம் குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருப்பதாகவே கொள்ள வேண்டும். ஈரம் படாத கரிமருந்து நூறு வருடம் கழித்தும் பற்றும். அப்படியானால் தீப்பொறி, சூடு எதுவும் கிட்ட வராமல் வைத்து, தெரிந்த துவக்குத் திருத்துநரிடம் கொடுக்கட்டும்.

‘பெயர் இல்லை’ என்று முடிவு கட்டுமுன் இன்னொரு தடவை தேட வேண்டும். வழக்கமான இடம் குழலின் மேல்பட்டை, பூட்டுக்கும், குறிபார்க்க உதவும் பின்பக்க உறுப்புக்கும் இடையில். இருட்டறையில் டோர்ச்சைக் குழலோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், தேய்ந்த கோடு நிழலாகத் தெரியும். குண்டைச் சுற்றும் துணித்துண்டுகளை வைக்கும், சோங்கின் வலப்பக்கத்துப் பித்தளைப் பெட்டியான பாட்ச் பொக்ஸின் மூடிக்கு உட்புறத்தையும் பார்க்கட்டும். குழலைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் ஊசிகள் மெல்லியவை, முன்மரம் பல இடங்களில் ஒரு நூல் கனம்தான். தவறாகத் தட்டினால் மரம் நீளவாக்கில் பிளக்கும்.

குழல் பிறவிக் குழல்தானா என்பதும் முக்கியம். மரத்தின் பக்கங்களில் பழைய ஊசித்துளைகளை அடைத்த தடம் இருந்தால், குழலின் பின்முனை வெட்டப்பட்டுப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம், அல்லது வேறு குழல் மாட்டப்பட்டிருக்கலாம். வேறு குழல் என்றால் அதில் பெயர் இருந்தாலும் பயன் இல்லை.

இனி ஊர். ஆளைத் தேடுமுன் பிரதேசத்தைப் பிடிப்பதே நேரான வழி. சோங்கைப் பக்கவாட்டில் முழுதாகப் படம் எடுத்துப் பார்க்கட்டும். மேல்கோடும் கீழ்கோடும் நேராக ஓடி, பெட்டியின் முனைத்தகடு டெய்சிப் பூப்போல் இருந்தால் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம். துவக்குக் கைவினைஞர் ஜேக்கப் டிக்கர்ட் (1740–1822) வேலை செய்த ஊர். மேல்கோடு வளைந்து இறங்கினால் அதே மாநிலத்தின் லீஹை, பக்ஸ், ரெடிங் பக்கம் போக வேண்டும். லீஹைத் துவக்குகளில் உயர்ந்து நிற்கும் புடைப்புச் செதுக்கலை விடக் கீறிய கோட்டு வேலையே அதிகம். ஒடுங்கி நீண்ட பூட்டுத் தகடும் மெலிந்த உடலும் அங்குள்ள பெட்ஃபோர்டைக் காட்டும். பித்தளைக்குப் பதில் இரும்புப் பூண், அலங்காரம் குறைவு என்றால் டென்னசி, வட கரோலினா மலைப்பகுதிகளையும் யோசிக்கலாம். அலன்டவுன், பெத்லெகேம் பக்கத்து மொரேவியக் கிறிஸ்தவச் சபையினரின் குடியிருப்பான கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங்கில் அன்ட்ரியாஸ் அல்பிரெக்ட், கிறிஸ்டியன் ஓர்ட்டர் ஆகியோர் வேலை செய்தார்கள். ஓர்ட்டர் பெயரும் 1775 என்ற ஆண்டும் பொறித்த துவக்கு இருக்கிறது. இப்படிப் பெயரும் ஆண்டும் சேர்ந்தவைதான் ஒப்பிடுவதற்கு உண்மையான அளவுகோல்.

காலத்தைச் சோங்கின் அடித்தகடு சொல்லும். 2 அங்குலத்துக்குக் கிட்ட அகலமாகவும் தட்டையாகவும் இருந்தால் முந்திய காலம். ஒடுங்கிப் பிறைபோல் ஆழமாக வளைந்தால் பிந்திய காலம். மரத்தில் இழுப்பு மூடி உள்ள பெட்டி பெரும்பாலும் முந்தியது, பித்தளைக் கீல் மூடி பிந்தியது. ஆனால் இரண்டும் சில காலம் கூடவே நடந்தன. இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆண்டு சொல்லக் கூடாது.

கடைசியாகத்தான் கை. கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னால் உள்ள சுருள் செதுக்கலை நன்றாகப் பார்க்கட்டும்: சுருள் எங்கே தொடங்குகிறது, உளி எங்கே திரும்புகிறது, பின்னணி மரம் எவ்வளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலால் உரசிப் பிரதி எடுக்கலாம். மூடி திறக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது, இடிகோல் செருகும் குழாய்களுக்கு எத்தனை பட்டை, விசை வளையத்தின் பின்நுனி எப்படி முடிகிறது என்பனவற்றையும் குறிக்கட்டும். பிறகு அதே பிரதேசத்துப் பெயர் பொறித்த துவக்குகளோடு ஒப்பிட வேண்டும். பூண்களின் வடிவம் ஒத்துப்போவது மட்டும் போதாது, ஏனெனில் மாணாக்கர்கள் ஆசானின் அச்சுகளைப் பார்த்தே வெட்டினார்கள், பின் வேறு ஊருக்கும் கொண்டு போனார்கள். செதுக்கலும் உலோகத்து வெட்டுக்கோடும் சேர்ந்து ஒத்தால் ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்று சொல்லலாம். அதற்குக் குறைந்தால் ‘லங்காஸ்டர் மரபு’ என்ற அளவில் நிறுத்துவதே நேர்மை. விற்பவர் ஒரு பெயர் சொன்னால், எந்தத் துவக்கோடு ஒப்பிட்டார் என்று கேட்கட்டும்.

பெயர் பொறித்த துவக்கின் விலை அதிகம் என்பதால் பின்னாளில் பெயர் வெட்டியவர்களும் உண்டு. எழுத்தின் பள்ளத்தில் கறை இல்லாமல் உலோகம் பளிச்சென்றால், அல்லது கோடு பழைய துருக்குழியை வெட்டிக்கொண்டு போனால், அது புதிது.

கேள்வி: நீளத் துவக்கு ஒன்று, அதன் குதிரை (அடிக்கும் சுத்தி) கேப்பில் (பற்றுமருந்து உள்ள சிறு மூடியில்) அடிக்கிற வகை. அப்படியானால் 1820க்குப் பின் செய்தது என்று சொல்லலாமா?
– வாசகர், சங்கானை

பதில்: சொல்ல முடியாது. சக்கிமுக்கிக்கல் பொறியால் பற்றும் முந்திய வகைகள் பல பின்னர் கேப்புக்கு மாற்றப்பட்டன. பூட்டுத் தகட்டின் வெளிப்புறத்தில் அடைத்த திருகாணித் துளைகள் இருந்தால், மருந்துக் கிண்ணமும் வில்லும் முன்பு அங்கே இருந்தன என்று அர்த்தம். தீத்துளையில் சிறு உருளை ஒன்று திருகியிருப்பதும் அதே அடையாளம்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டில் இருந்த இடியன் துவக்கு அமெரிக்க மிசன் காலத்தது என்று சொல்வார்கள். இதுவும் அந்த வகையாக இருக்குமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அமெரிக்க மிசன் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது உண்மைதான். ஆனால் அதை வைத்துத் துவக்கும் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை என்று உறுதியானபின் வாய்க்குள் வெளிச்சம் அடியுங்கள். குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரி இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அது நீங்கள் நினைக்கும் வகையாக இருப்பது அரிது. குழல் எட்டுப் பட்டை உள்ளதா, 40 அங்குலத்துக்கு மேலா, மரம் வாய்வரை நீள்கிறதா என்றும் பாருங்கள். பூட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற சொல்லும் இருந்தால் அது பிரித்தானியப் படைத்துவக்கின் பூட்டாக இருக்கலாம். குழலின் பின்பக்கத்தில் கிரீடமும் குறுக்குச் செங்கோல்களும் இருந்தால் குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்து இடும் பர்மிங்காம் சோதனை முத்திரையாக இருக்கலாம். அந்தச் சோதனைச்சாலை 1813இல் சட்டப்படி ஏற்பட்டது. எதுவானாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். இடத்தைவிட்டு அசைக்குமுன் கிராம அலுவலர் மூலம் பொலிசுக்கு அறிவியுங்கள்.

கேள்வி: பழைய துவக்கின் பித்தளை கறுத்துப் போயிருக்கிறது. புளி போட்டு மினுக்கலாமா?
– வாசகர், காரைநகர்

பதில்: குத்துவிளக்குக்குச் செய்வதைத் துவக்குக்குச் செய்யாதீர்கள். புளியின் அமிலம் பழங்கறையை அள்ளிக்கொண்டு போகும். அதன்பின் துணியால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க வெட்டுக்கோடுகளின் விளிம்பு மழுங்கும். செய்தவரின் கை தெரியும் இடம் அந்த விளிம்புதான். மணல்தாள், வார்னிஷ் இரண்டும் மரத்துக்கு அதே கேட்டைச் செய்யும். உலர்ந்த பருத்தித் துணியால் தூசு துடையுங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்புப் பாகங்களில் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி உடனே துடைத்து விடுங்கள். எண்ணெய் மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டைச் சுற்றியுள்ள மரம் எண்ணெய் குடித்தால் கறுத்து இளகும், திருகாணி பிடிக்காது.