விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகும் ஃபைலுக்கு அனுமதியை யார் கொடுக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்துக்காக விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு சிறிய இணையதளம் செய்து, வாடகை லினக்ஸ் சர்வரில் வின்எஸ்சிபி என்ற ஃபைல் அனுப்பும் நிரல் வழியாக ஏற்றி வருகிறேன். போன வாரம் ஏற்றிய படங்கள் மட்டும் 403 (அனுமதி இல்லை) பிழை காட்டின. பழைய பக்கங்கள் நன்றாகவே தெரிந்தன. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி என் ஹோம் ஃபோல்டர் முழுவதற்கும் 777 என்ற அனுமதி எண்ணைக் கொடுத்தேன். படங்கள் வந்துவிட்டன. ஆனால் கருத்து அனுப்பும் படிவம் இப்போது 500 (சர்வர் உள் கோளாறு) பிழை தருகிறது. இத்தனை நாள் பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்எச் கீ என்ற சாவி ஃபைல் வைத்து நுழைந்தவனிடம் சர்வர் பாஸ்வேர்ட் கேட்கிறது. எதைச் சரிசெய்வது? இனி ஒவ்வொரு தடவையும் அனுமதியைக் கையால்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: அந்த 777-ஐ இன்றைக்கே எடுத்துவிடுங்கள். புதிதாக முளைத்த இரண்டு தொல்லைகளுமே அதனால் வந்தவைதான். கையால் மாற்றும் வேலையும் இனி தேவைப்படாது. அதற்கு வழி இருக்கிறது.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்களில் முதலாவது ஃபைலின் உரிமையாளருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லோருக்கும். 644 என்றால் நீங்கள் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும் முடியும். 777 என்றால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் உங்கள் ஃபைலை மாற்றலாம். வாடகை சர்வரில் உங்களோடு வேறு பலரும் குடியிருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஃபோல்டருக்கு 'இயக்கு' என்ற அனுமதிக்குப் பொருள் வேறு. அது இருந்தால்தான் ஃபோல்டருக்குள் நுழைந்து அங்கே உள்ள ஃபைலைத் தொட முடியும். 'படி' என்ற அனுமதி உள்ளே இருப்பவற்றின் பெயர்ப் பட்டியலை மட்டுமே காட்டும். படத்துக்கு 644 சரியாக இருந்தும், அதன் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டருக்கு இந்த 1 இல்லாவிட்டால் 403தான் வரும். அதனால் 403 வந்தால் ஃபைலை மட்டும் பார்க்காமல் மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சரி, படங்கள் ஏன் மறைந்தன? விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் இந்த மூன்று இலக்கங்கள் கிடையாது. யாருக்கு என்ன உரிமை என்று பெயர் பெயராக எழுதிய தனிப் பட்டியலை அது வைத்திருக்கிறது. எஸ்எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை வழியாகப் போகும்போது அந்தப் பட்டியல் உடன் போவதில்லை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வந்து சேர்ந்த ஃபைலுக்கு அனுமதியை சர்வரே போட்டுக்கொள்ளும். ஃபைல் என்றால் 666, ஃபோல்டர் என்றால் 777 என்று தொடங்கி, யூமாஸ்க் என்ற எண் தடுக்கும் அனுமதிகளை அதிலிருந்து நீக்கிவிடும். யூமாஸ்க் 022 என்றால் ஃபைல் 644, ஃபோல்டர் 755. அதுவே 077 ஆக இருந்தால் 600, 700. வெப் சர்வர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. பழையவை தெரிந்து புதியவை மட்டும் மறைந்திருப்பதால், இடையில் சர்வரை நடத்துபவர்கள் யூமாஸ்கைக் கடுமையாக்கியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்வது வழக்கம்தான்.

இனி 777 செய்த வேலை. வாடகை சர்வர்கள் பலவற்றில் படிவத்தை நடத்தும் ஸ்கிரிப்ட் உங்கள் கணக்கின் பெயரிலேயே ஓடும். அப்பாச்சி என்ற வெப் சர்வர் நிரலின் சூஎக்ஸெக் என்ற பகுதி, அந்த ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் ஃபைலையும் அது இருக்கும் ஃபோல்டரையும் சோதிக்கும். உரிமையாளரைத் தவிர வேறு யாராவது எழுத முடியும் என்றால் ஓட்ட மறுத்துவிடும். உங்கள் 500 பிழை பெரும்பாலும் அதுதான். எஸ்எஸ்எச்சும் இதே போலத்தான். ஹோம் ஃபோல்டரிலோ, உங்கள் கீ பதிந்திருக்கும் ஃபோல்டரிலோ பிறர் எழுத முடியுமானால், வேறு யாரோ தன் கீயை அங்கே சேர்த்திருக்கலாம் என்று அது அந்தப் பதிவையே நம்பாது, பாஸ்வேர்டுக்குப் போய்விடும். இரண்டு கதவுகளும் உங்களைக் காப்பாற்றத்தான் மூடிக்கொண்டன.

சரிசெய்ய வின்எஸ்சிபியே போதும். பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போய், தளம் இருக்கும் ஃபோல்டரை வலது கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் திறங்கள். ஆக்டல் கட்டத்தில் 0644 என்று எழுதுங்கள். கீழே 'ஆட் எக்ஸ் டு டைரக்டரீஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும், உள்ளே உள்ளவற்றுக்கெல்லாம் பொருந்தும்படி 'ரிகர்சிவ்லி' என்று முடியும் தேர்வையும் டிக் செய்யுங்கள். ஃபைல்களுக்கு 644-உம் ஃபோல்டர்களுக்கு 755-உம் கிடைக்கும். அந்த முதல் டிக்கை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஃபோல்டர்களுக்கும் 644 விழுந்து தளம் மொத்தமும் 403 ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அலுவலகத்தின் தளத்தை நான் அப்படி ஒரு காலை முழுக்க முடக்கியிருக்கிறேன். அன்றிலிருந்து ஃபோல்டரையும் ஃபைலையும் ஒரே எண்ணால் தொடுவதே இல்லை.

கட்டளை வரியில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் போட்டால் ஃபோல்டர்களுக்கு மட்டும் 'இயக்கு' கிடைக்கும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் ஏற்கெனவே யாருக்காவது 'இயக்கு' இருக்கும் ஃபைலுக்கும் அது அதையே கொடுக்கும். 777 பட்ட பிறகு எல்லா ஃபைலுமே அந்த வகைதான். எனவே இப்போது அது உதவாது. ஃபைண்ட் கட்டளையால் ஃபோல்டர்களைத் தனியாக, ஃபைல்களைத் தனியாகப் பிரித்து மாற்றுங்கள்.

அப்புறம் சில ஃபைல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். படிவ ஸ்கிரிப்ட் சிஜிஐ வகை (வெப் சர்வர் தனி நிரலாக ஓட்டுவது) என்றால் அதற்கு 755. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எழுதிய ஃபைலுக்கு, ஸ்கிரிப்ட் உங்கள் பெயரில் ஓடுவதால், 600 போதும். ஹோம் ஃபோல்டருக்கு 711: வெப் சர்வர் அதைக் கடந்து தளத்துக்குப் போகலாம், ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மற்றவர்கள் பட்டியல் எடுக்க முடியாது. கீ இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, அதனுள் உள்ள ஃபைல்களுக்கு 600. இந்த ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்குவதால் வின்எஸ்சிபியில் மறைந்திருக்கலாம். மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் படிவம் 500 காட்டினால், ஸ்கிரிப்டை விண்டோஸ் எடிட்டரில் சேமித்தீர்களா என்று யோசியுங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்கும். முதல் வரியில் அது ஒட்டியிருந்தால், எந்த நிரலால் ஓட்டுவது என்பதே லினக்ஸுக்குப் புரியாது. அனுமதி சரியாக இருந்தும் ஓடாது. நோட்பேட்++ எடிட்டரில் வரி முடிவை யூனிக்ஸ் முறைக்கு மாற்றிச் சேமித்து மறுபடி ஏற்றுங்கள்.

இனி வரும் ஏற்றங்களுக்கு வின்எஸ்சிபியின் டிரான்ஸ்ஃபர் அமைப்பில் 'செட் பர்மிஷன்ஸ்' என்பதைத் தேர்ந்து 644 கொடுத்து, அதே 'ஆட் எக்ஸ்' தேர்வையும் போட்டுவிடுங்கள். ஸ்கிரிப்டை மறுபடி ஏற்றும்போது மட்டும் அதன் 755 இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றினாலும் இந்த விஷயம் அப்படியே தீர்ந்துவிடாது. லினக்ஸிலிருந்து லினக்ஸுக்கு ஃபைல்களைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஏ (-a) தேர்வோடு ஓட்டினாலோ, பல ஃபைல்களை ஒன்றாக்கும் டார் ஃபைலாகக் கட்டினாலோ அனுமதி உடன் போகும். டாரைச் சாதாரணப் பயனராகப் பிரித்தால் யூமாஸ்க் மறுபடி குறுக்கே வரும். பி (-p) தேர்வு கொடுத்தால் வராது. நடுவில் பென் டிரைவ் வந்தால் எல்லாம் போச்சு. பெரும்பாலான பென் டிரைவ்களில் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற சேமிப்பு அமைப்பு இருக்கும். அவற்றில் யூனிக்ஸ் அனுமதியை எழுத இடமே கிடையாது. லினக்ஸ் அதை இணைக்கும்போது எல்லா ஃபைலுக்கும் ஒரே எண்ணைக் காட்டும், பல நேரம் படத்துக்குக்கூட 'இயக்கு' சேர்த்து. பென் டிரைவில் கொண்டுபோக வேண்டுமானால் முதலில் டாராகக் கட்டி, அந்த ஒரே ஃபைலை எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போட வேண்டாம். உங்கள் ஃபோல்டர் சில நாட்கள் எல்லோருக்கும் திறந்து கிடந்திருக்கிறது. தளத்தின் ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கி, அந்த நாட்களில் நீங்கள் ஏற்றாத எதுவும் புதிதாக வந்திருக்கிறதா, மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தேதியைப் போலியாக மாற்ற முடியும் என்பதால் லேப்டாப்பில் உள்ள பிரதியோடும் ஒப்பிடுங்கள். கீ பட்டியலில் உங்களுடையதைத் தவிர வேறு வரி இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.