பிளஸ் டூவில் பிரெஞ்சில் 98 வாங்கினேன். பிரான்சில் கல்லூரி சேர டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை எழுத ஆறு மாதம் போதுமா?

அந்த 98-ஐ முதலில் மறந்துவிடுங்கள். நானும் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த கோஷ்டிதான். வினைச்சொல் அட்டவணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். முதல் தடவை பி2 எழுதியபோது 100-க்கு 54 வந்தது. தேர்ச்சிக்கு 50 போதும். ஆனாலும் ஃபெயில்.

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, தலா 25 மதிப்பெண். எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே இறங்கக் கூடாது. கேட்டலில் எனக்கு 4.

அதில் நீளமான ஒலிப்பதிவு இரண்டு, இரண்டு முறை ஓடும். அப்புறம் வரும் மூன்று சின்னப் பதிவுகளுக்கு ஒரே வாய்ப்புதான். நானோ ஒவ்வொரு சொல்லையும் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். 'காத்ர வேன் தீஸ் செத்' என்றால் நான்கு இருபது, பத்து, ஏழு, ஆக 97 என்று கூட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது.

அடுத்த தடவைக்கு ஆர்எஃப்ஐ வானொலியின் 'ஜூர்னால் ஆன் ஃப்ரான்ஸே ஃபசீல்' என்ற எளிய பிரெஞ்சுச் செய்தியைத் தினமும் கேட்டேன். பத்து நிமிடம்தான். ஒரு மாதம் தலைசுற்றல், பிறகு காது திறந்தது. மூக்கொலிக்குப் பயப்பட வேண்டாம். 'மரம்' என்று எழுதிவிட்டுப் பேசும்போது கடைசி 'ம்'மை உதடு மூடாமல் மூக்கிலேயே கரைத்துவிடுகிறோம் இல்லையா, அதே வித்தைதான்.

எழுதுதலுக்கு ஒரு மணி நேரம், குறைந்தது 250 சொல். பெரும்பாலும் மேயருக்கோ மேலதிகாரிக்கோ ஒரு கடிதம், அல்லது ஒரு விஷயத்தில் உங்கள் கருத்து. இலக்கணம் தெரிந்தும் இங்கேதான் திணறினேன், ஏனென்றால் பள்ளியில் யாரும் என் கருத்தைக் கேட்டதே இல்லை. வாரம் ஒரு கடிதம் எழுதித் தெரிந்தவரிடம் திருத்தி வாங்குங்கள். இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது ஒரு சொல் என்பதுதான் கணக்கு. 'செ-தா-தீர்' (அதாவது) பார்க்க மூன்று மாதிரி இருந்தாலும் ஒன்றுதான்.

பேசுதலில் இரண்டு தலைப்பு எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம், தயாரிக்க 30 நிமிடம். நீங்கள் பேசி முடித்ததும் தேர்வாளர் வேண்டுமென்றே மறுத்துக் கேட்பார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினால் போச்சு. வீட்டில் அப்பாவிடம் எதிர்த்துப் பேசிப் பழகியவர்களுக்கு இது சுலபம், எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சரி, ஆறு மாதம். பி2-வுக்கு 500, 600 மணி நேரப் படிப்பு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பிளஸ் டூ பிரெஞ்சு அதில் பாதியைக்கூடத் தராது என்பது என் அனுபவம். தேர்வை நடத்தும் ஃப்ரான்ஸ் எதுகாசியோன் இன்டர்நேஷனல் தளத்தில் மாதிரித் தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். இன்றைக்கே கேட்டல் பகுதியை மட்டும் போட்டுப் பாருங்கள். பத்துக்கு மேல் வந்தால் ஆறு மாதத்தில் துணிந்து இறங்கலாம். மூன்று, நான்கு என்று வந்தால் இந்த வருடம் ஒரு படி கீழே உள்ள பி1 எழுதிவிட்டு அடுத்த வருடச் சேர்க்கைக்குப் பாருங்கள். டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும், டிசிஎஃப் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வு மாதிரி இரண்டு வருடத்தில் காலாவதியாகாது.