பட்டறை பதில்கள்: ஒழுகும் கதவும் ரப்பர் பீடிங்கும்

ஆனிச் சாரல் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். கார்புரேட்டர், கிளட்ச் எல்லாம் போய், வண்டிக்குள் தண்ணீர் என்ற ஒரே புலம்பல். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இங்கே பழைய கார் வைத்திருப்பவர் வருடத்தில் பாதி நாள் பீடிங்கை, அதாவது கதவிடுக்கையும் கண்ணாடி ஓரத்தையும் அடைக்கும் ரப்பர் பட்டையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த முறை ஒழுகல் கேள்விகள் மட்டும்.

அண்ணாச்சி, 1986 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, லீவு நாட்களில் நானே சரி செய்து வருகிறேன். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. மழை பெய்தால் முன் சீட்டுக்குக் கீழே தண்ணீர் தேங்குகிறது. கதவு பீடிங் எல்லாம் இறுகிப்போய், தொட்டால் உதிர்கிறது. முழு செட் ரப்பருக்குக் கேட்கும் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. மீட்டர் கணக்கில் விற்கும் சாதா பீடிங் போடலாமா?
— குளச்சல் வாசகர்

போடலாம் தம்பி. எங்கே போடலாம், எங்கே கூடாது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடியைப் பிடித்து நிறுத்துகிற ரப்பருக்கு, அதாவது முன் கண்ணாடி, பின் கண்ணாடி, முன் கதவின் முக்கோணக் கண்ணாடி ஆகியவற்றுக்கு, அந்த வண்டிக்கென்றே செய்த வடிவம்தான் வேண்டும். காசை அங்கே போடுங்கள். கதவு பீடிங்கும் டிக்கி பீடிங்கும் வெறும் இடைவெளியை அடைப்பவை. அளவு சரியாக இருந்தால் எந்த வண்டிக்கு என்று செய்த பீடிங்காக இருந்தாலும் வேலை பார்க்கும்.

கடையில் ‘ஒரிஜினல்’ என்று சொல்லி எடுத்துக் காட்டினால் மயங்க வேண்டாம். பத்மினி உற்பத்தி நின்று 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்று ஒரிஜினல் என்றால் ஒன்று புதிதாகச் செய்த நகல், இல்லையென்றால் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த பழைய ஸ்டாக். பெட்டிக்குள் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். கையில் வாங்கி மடக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்பக்கம் மெல்லிய கீறல் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் பீடிங் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். மிதியடி, கார்ப்பெட் எல்லாம் கழற்றிவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து, டார்ச்சோடு ஒருவரை உள்ளே உட்கார வையுங்கள். வெளியே ஹோஸில் தண்ணீரைச் சன்னமாக விட்டு, கீழிருந்து மேலாகப் போங்கள். கதவின் அடி, அப்புறம் பூட்டு உயரம், அப்புறம் கண்ணாடிக் கட்டு, கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். கூரையில் ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே ஓட்டை என்று கடைசிவரை தெரியாது. வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்து வாஷர், இன்ஜின் பக்கத்திலிருந்து ஒயர் உள்ளே நுழையும் ஓட்டை, துரு தின்ற தரை, இந்த மூன்றும் முன் சீட்டின் காலடியை நனைக்கக்கூடியவை. பீடிங்கை மாற்றி அவற்றைச் சரி செய்ய முடியாது.

இன்னொன்று. கதவுக்குள் தண்ணீர் போவது குற்றமல்ல. கண்ணாடி ஏறி இறங்கும் சந்து வழியாக எல்லாக் கார்களிலும் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேறத்தான் கதவின் அடியில் சிறு ஓட்டைகள் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் அடிப்பவர்கள் பட்டி வைத்து அந்த ஓட்டையை மூடிவிடுவதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பியை விட்டுத் திறந்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் உள்பக்கம் வழிந்துதான் பல பேர் ‘பீடிங் போச்சு’ என்கிறார்கள்.

அடுத்து கீல். கதவைத் திறந்து, பூட்டுப் பக்கத்து அடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. இத்தனை வருடம் ஓடிய கதவு தொங்கிப்போவது சகஜம். கதவு தொங்கினால் மேல் மூலையில் இடைவெளி விரியும், கீழே பீடிங் நசுங்கும். பின்னை மாற்றி, கதவைப் பாடியோடு சமமாக உட்கார வைத்த பிறகுதான் ரப்பர். பாடித் தகட்டு வேலை பார்க்கும் டிங்கருக்கு இதற்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது. பீடிங்கில் மிச்சம் பிடித்த காசை இங்கே செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, அளவு. சப்பாத்தி மாவைச் சிறு உருண்டையாக்கி, பாலிதீன் துண்டில் சுற்றி, பீடிங் உட்காரும் இடத்தில் அங்கங்கே ஒட்டுங்கள். கதவை மெதுவாகப் பூட்டு விழும்வரை மூடித் திறந்து, நசுங்கிய மாவின் கனத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பாஞ்சுக் குழல் உள்ள பீடிங், மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும். இடைவெளி 8 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர் குழல். ஒரு பக்கம் 6, இன்னொரு பக்கம் 11 என்று வந்தால் கதவு இன்னும் சரியாக உட்காரவில்லை. திரும்பவும் கீலுக்குப் போங்கள். மிச்சமிருக்கிற சின்ன வித்தியாசத்துக்குப் பழைய கார் டியூபைப் பட்டையாக வெட்டி, பீடிங்குக்கு அடியில் வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

பழைய பீடிங் கதவில் ஒட்டியிருந்ததா, பாடி ஓரத்துத் தகட்டில் மாட்டியிருந்ததா என்று பார்த்து வையுங்கள். தகட்டில் மாட்டுவதென்றால் உள்ளே கம்பி வைத்த ‘யு’ வடிவப் பீடிங். ஒட்டுவதென்றால் அடிப்பக்கம் தட்டையான ‘டி’ வடிவம். சுற்றளவை நூல் வைத்து அளந்து, ஒரு சாண் கூட்டி வாங்குங்கள். பழைய பீடிங்கில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் கையோடு கொண்டு போனால் கடைக்காரரிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது. கார் ஸ்பேர் கடையில் இல்லையென்றால், பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குச் சாமான் போடும் கடையில் கேளுங்கள். பல அளவில் சுருள் சுருளாக வைத்திருப்பார்கள். முக்கோணக் கண்ணாடி ரப்பருக்கு மட்டும் சென்னை புதுப்பேட்டை வரை போக வேண்டியிருக்கலாம்.

பழையதைப் பிய்த்த பிறகு மிச்சமிருக்கும் பசையை மண்ணெண்ணெய் தொட்டு ஊற வைத்து, பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டுங்கள். தின்னர் வேண்டாம், நீங்கள் அடித்த பெயின்டையும் சேர்த்துக் கொண்டுவரும். அடியில் துரு இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். நீங்கள் இருப்பது குளச்சல். கடற்காற்று, மீன் லாரி சிந்தும் உப்புத் தண்ணீர் எல்லாம் பீடிங்குக்கு அடியில்தான் போய்ப் பதுங்கும். துருவைத் தேய்த்ததும் நேரே பிரைமர் அடிக்காமல், முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். உப்பை உள்ளே வைத்து மூடினால் பெயின்டுக்கு அடியில் துரு மறுபடி கிளம்பும். அதற்கு மேல் பிரைமர், பெயின்ட். அது முழுக்கக் காய்ந்த பிறகு, ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டலாம்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை, அதாவது இரண்டு பக்கமும் தடவிக் காய விட்டு ஒட்டுகிற வகை. விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை பொறுங்கள். சாரல் விழும் நாளில் இந்த வேலையே வேண்டாம், ஈரக்காற்றில் பசைமேல் பனி பூத்த மாதிரி ஈரம் படிந்து பிடிக்காமல் போகும். வெயில் அடிக்கும் நாளில், நிழலில் வைத்துச் செய்யுங்கள்.

இனி முக்கியமான இடம். பீடிங்கை இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுத்த ரப்பர் கொஞ்ச நாளில் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளை விட்டு எழும்பும், இணைப்பில் வாய் திறக்கும். மூலைகளில் கொஞ்சம் தாராளமாக உள்ளே தள்ளியே ஒட்டுங்கள். இரண்டு முனையும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம் வரட்டும். அங்கே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, நெருக்கித் தள்ளி, முனைகளை ஒட்டுங்கள்.

முடிந்ததும் செய்தித்தாளைப் பட்டையாகக் கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கமாக வர வேண்டும். லேசாக உருவிக்கொண்டு வரும் இடத்தில் டியூப் பட்டை வையுங்கள்.

எங்கள் வீட்டிலேயே ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட் அடித்துக் காயப் போடுகிறோம். அதையே வெட்டி என் ஜீப்பின் கதவுக்கு ஒட்டினால் என்ன?
— குலசேகரம் வாசகர்

ஆசை நியாயமானதுதான். ஆனால் நடக்காது. உங்கள் ஷீட் கந்தகம் சேர்த்து வேக வைக்காத பச்சை ரப்பர். வெயிலில் இளகிக் கதவோடு ஒட்டிக்கொள்ளும். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகமும் சூடும் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்ட பிறகுதான் அது நிலையாகப் பயன்படும் பொருளாயிற்று.

பதப்படுத்தினாலும் இன்னொரு தொல்லை இருக்கிறது. காற்றில் மிகச் சொற்பமாக ஓசோன் உண்டு. இழுபட்ட நிலையில் இருக்கும் இயற்கை ரப்பரை அது குறுக்கே வெட்டி வெடிக்க வைக்கும். ஒரு ரப்பர் பேண்டை இழுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்துப் பாருங்கள், கொஞ்ச நாளில் கீறல் விழுந்து அறுந்துவிடும். அதனால்தான் இன்று கார் பீடிங்குகளை ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். அதன் மூலக்கூறுத் தொடரில் ஓசோன் வெட்டுவதற்கு இரட்டைப் பிணைப்பு கிடையாது. வெயிலையும் மழையையும் தாங்கும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். நம் மரத்துப் பால் லாரி டயருக்குப் போகட்டும், அங்கே அதற்கு நிகரில்லை.

என் கணவர் வைத்திருந்த அம்பாசடரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒழுகுகிறது. மெக்கானிக் சிலிக்கான் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, தக்கலை

வேண்டாம் டீச்சர். காடி வாசனை அடிக்கும் சாதா சிலிக்கான், காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். பெயின்ட் போன தகட்டில் பட்டால் அது அங்கே துருவை வளர்க்கும். பிற்பாடு அந்த இடத்தில் பெயின்ட் அடித்தாலும் பிடிக்காமல் புள்ளி புள்ளியாக விலகும்.

ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் அதை மாற்ற வேண்டாம். காய்ந்து இறுகாத பியூட்டைல் சீலன்ட் வாங்கிக் கொடுங்கள். ரப்பரின் உதட்டை பிளாஸ்டிக் பட்டையால் தூக்கி, அழுக்கைத் துடைத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவிலும், ரப்பருக்கும் பாடிக்கும் நடுவிலும் அதை வைக்கச் சொல்லுங்கள். கீழ் மூலையில் ஒழுகினாலும் தண்ணீர் மேலே எங்காவது நுழைந்து உள்ளே ஓடி வந்திருக்கலாம், அதனால் சுற்றிலும் வைக்க வேண்டும்.

நகம் இறங்காத அளவுக்கு இறுகியிருந்தால் புது ரப்பர்தான். அம்பாசடர் உற்பத்தி 2014-இல்தான் நின்றது, ரப்பர் கிடைப்பது பத்மினி அளவுக்குக் கஷ்டமில்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, வெளிப்பள்ளத்தில் சுற்றிலும் நைலான் கயிறு செருகி, சோப்புத் தண்ணீர் தடவ வேண்டும். அப்புறம் ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் உள்ளே இருந்து கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு தகட்டுக்கு மேலே ஏறி உட்காரும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் முன் கண்ணாடி டஃபன்டு வகையாக இருக்கக்கூடும். அதன் ஓரத்தில் இரும்பு பட்டால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும்.

முப்பந்தல் தாண்டும்போது கதவில் விசில் சத்தம். தண்ணீர் வருவதில்லை. எந்த பீடிங்கை மாற்றுவது?
— ஆரல்வாய்மொழி வாசகர்

அத்தனை காற்றாலையைச் சுற்றும் காற்று உங்கள் கதவை மட்டும் விடுமா? மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். கதவு இடுக்குகளை வெளியே டேப் ஒட்டி மூடிக்கொண்டு அதே ரோட்டில் போங்கள். சத்தம் நின்றால் டேப்பை ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டே வாருங்கள். எதை எடுத்ததும் விசில் திரும்புகிறதோ, அங்கே மட்டும் பீடிங் மாற்றினால் போதும். பெரும்பாலும் முக்கோணக் கண்ணாடி ஓரமாகத்தான் இருக்கும்.

பீடிங் காயாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?
— மார்த்தாண்டம் வாசகர்

தலைக்குத் தடவுங்கள். பீடிங்கில் எண்ணெய் தூசியைப் பிடிக்கும், பழைய இயற்கை ரப்பராக இருந்தால் ஊறி உப்பும். கிரீஸும் கூடாது. மருந்துக் கடைக் கிளிசரினைத் துணியில் தொட்டு லேசாகத் துடைத்தால் போதும்.

புது பீடிங் போட்டதிலிருந்து கதவை ஓங்கி அடித்தால்தான் பூட்டு விழுகிறது. பட்டறைக்காரர் பழகிவிடும் என்கிறார்.
— கோட்டாறு வாசகர்

அவர் சொல்வது பாதி சரி. புது ஸ்பாஞ்சு படிய இரண்டு வாரம் பிடிக்கும். ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எல்லாக் கதவும் முழுசாகப் பூட்டியிருக்கட்டும், அரைப் பூட்டில் விடாதீர்கள். மூடும்போது ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் உள்ளே அடைபடும் காற்று வழிவிட்டு, கதவு லேசாக விழும். அதற்கும் மசியாவிட்டால் பூட்டு மாட்டும் கொண்டியின் ஸ்குரூவைத் தளர்த்தி, மயிரிழை வெளியே நகர்த்துங்கள். நகர்த்துவதற்கு முன் பழைய இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள், பீடிங் படிந்ததும் திரும்ப அங்கேயே கொண்டுவர வேண்டும்.