காது நல்லா கேக்குது, ஆனா தலைசுத்தலுக்குக் காரணம் காதுன்னு டாக்டர் சொல்றாரே, அது எப்படி?

அம்மாவுக்கு படுக்கையில புரண்டா மட்டும் வீடே சுத்துது, பிபி சுகர் ரெண்டும் நார்மல், டாக்டர் காதுதான் காரணம்னு சொல்லிட்டார், ஆனா அம்மாவுக்கு அடுத்த வீட்டு டிவி சத்தம்கூட கேக்குது, அப்புறம் காதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டிருக்கீங்க. உங்க டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஸ்கேன் எடுக்காம, கழுத்து பட்டை மாட்டாம, முதல் தடவையே காதுன்னு சொன்ன டாக்டர் கிடைச்சிருக்கார் பாருங்க, அதுவே பெரிய விஷயம். எனக்கு அந்த குடுப்பினை இல்ல.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. மதுரையில எலக்ட்ரீசியன் வேலை, ஐடிஐ படிச்சவன். "வயரிங் பாக்கறவனுக்கு நரம்பைப் பத்தி என்னடா தெரியும்"னு கமெண்ட்ல வர்றவங்க தாராளமா வாங்க. என் பொண்ணு பிசியோதெரபி படிக்கிறா, அவ புஸ்தகத்தை வச்சு பக்கத்துல உக்காந்து கேட்டு கேட்டு தெரிஞ்சுக்கிட்டதும், என் உடம்புல நடந்ததும்தான் எழுதறேன். மருந்து எதையும் நான் சொல்லப்போறதில்ல.

விஷயத்துக்கு வர்றேன். காதுக்கு உள்ள, எலும்புக்குள்ள பதிஞ்சு, ரெண்டு டிபார்ட்மென்ட் ஒட்டி ஒட்டி இருக்கு. ஒண்ணு நத்தை கூடு மாதிரி சுருண்டு இருக்கும், அதுதான் சத்தம் கேக்கறது. இன்னொண்ணுக்கு கேக்கறதோட சம்பந்தமே கிடையாது, தலை எந்தப் பக்கம் திரும்புது, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பாக்கறதுதான் அதோட வேலை. ரெண்டுலருந்தும் வர்ற நரம்பு ஒண்ணா சேந்து எட்டாவது மூளை நரம்பா உள்ள போகுது. ஒரு டிபார்ட்மென்ட் கெட்டா இன்னொண்ணும் கெடணும்னு சட்டம் இல்ல. உங்கம்மாவுக்கு காது பளிச்சுன்னு கேக்கறதும் தலை சுத்தறதும் ஒரே நேரத்துல இருக்கறது இப்படித்தான். பள்ளிக்கூடத்துல ஐம்புலன்னு சொல்லி கண் காது மூக்கு நாக்கு தோலோட முடிச்சுட்டாங்க, நாம நிமிந்து நிக்கறதுக்கே காரணமான இந்த ஒண்ணை யாரும் சொல்லித்தரவே இல்ல.

அந்த ரெண்டாவது டிபார்ட்மென்ட்ல வளையம் வளையமா மூணு குழாய் இருக்கு, உள்ள தண்ணி மாதிரி திரவம். கொத்தனார் கையில ரசமட்டம் பாத்திருப்பீங்கல்ல, அந்த மாதிரி மூணு, ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற திசையில நிக்குது. ஆமான்னு தலையாட்டுறது, இல்லன்னு ஆட்டுறது, தோள் பக்கம் சாய்க்கறது, தலை எப்படி அசைஞ்சாலும் மூணுல ஏதாவது ஒண்ணு பிடிச்சுரும். தலை திரும்பினா குழாய் கூடவே திரும்பும், ஆனா உள்ள இருக்கற திரவம் கொஞ்சம் பின்தங்கும், அந்த இழுவையில பொடி ரோமம் மாதிரி இருக்கற செல்லு வளையும், வளைஞ்ச உடனே நரம்புல தகவல் போகும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா நாம சும்மா உக்காந்திருக்கும்போதும் ரெண்டு காதுலருந்தும் சிக்னல் போய்க்கிட்டேதான் இருக்கும், லைன் ஆஃப் ஆகறதே இல்ல. வலது பக்கம் திரும்பினா வலது காது சிக்னல் கூடும், இடது குறையும், மூளை ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வச்சுத்தான் கணக்கு போடும்.

சித்திரைத் திருவிழா ராட்டினத்துலருந்து இறங்கினதும் தரை சுத்துமே, அதுவும் இதுதான். ராட்டினம் நின்னாலும் உள்ள திரவம் உடனே நிக்கறதில்ல.

குழாய்க்கு பக்கத்துலயே சின்னப் பை இருக்கு. அதுக்குள்ள கோந்து மாதிரி ஒரு படலம், அது மேல கண்ணுக்கே தெரியாத சைஸ்ல சுண்ணாம்புத் துகள், அதான் கால்சியம் கார்பனேட். தலை சாஞ்சா அந்தத் துகளோட கனம் படலத்தை இழுக்கும், கீழ எது மேல எதுன்னு அதை வச்சுத்தான் நமக்கு தெரியுது. வயசாகும்போதோ தலையில அடிபட்டாலோ இந்தத் துகள் கொஞ்சம் உதிரும். பல பேருக்கு காரணமே தெரியாமயும் உதிரும். உதிர்ந்தது பக்கத்து குழாய்க்குள்ள போயிட்டா ஆட்டம் ஆரம்பம். மல்லாந்து படுக்கும்போது பின்பக்க குழாய்தான் தாழ இருக்கும், அதனால பெரும்பாலும் அங்கதான் போய் விழும். நீங்க புரண்டு படுத்து தலை நின்னாச்சு, ஆனா குழாய்க்குள்ள துகள் உருண்டுக்கிட்டே இருக்கு, திரவத்தை தள்ளுது, "இன்னும் சுத்துறோம், இன்னும் சுத்துறோம்"னு அந்த ஒரு காது மட்டும் மூளைக்கு சொல்லுது. இன்னொரு காது இல்லங்குது, கழுத்து தசை இல்லங்குது. மூளை குழம்பி, சுத்தறதுதான் நிஜம்னு நம்பி கண்ணுக்கு ஆர்டர் போட்டுருது, கண்ணு வெட்டி வெட்டி ஓடும். வீடு சுத்துற மாதிரி தெரியறது கண்ணு ஓடறதாலதான். சில நொடி கழிச்சு ஆரம்பிக்கும், துகள் அடியில படிஞ்சதும் ஒரு நிமிஷத்துக்குள்ள பெரும்பாலும் நின்னுரும். வாந்தி வர்ற மாதிரி இருக்கறது மட்டும் அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் இழுக்கும்.

கண்ணுக்கும் இந்த உறுப்புக்கும் எவ்வளவு நெருக்கம்னு பாக்கணும்னா இதைப் படிச்சுக்கிட்டு இருக்கும்போதே செஞ்சு பாருங்க. போனை ஆடாம பிடிச்சுட்டு தலையை இடம் வலமா வேகமா ஆட்டுங்க, எழுத்து படிக்க முடியும். இப்ப தலையை ஆட்டாம போனை அதே வேகத்துல ஆட்டுங்க, படிக்க முடியாது. தலை ஆடினா கண்ணை எதிர்ப்பக்கம் திருப்பச் சொல்லி காதுலருந்து போற கட்டளை நொடியில நூறுல ஒரு பங்கு நேரத்துலயே போயிருது. உடம்புல இருக்கற ரொம்ப வேகமான அனிச்சைச் செயல்ல இதுவும் ஒண்ணு. (உங்கம்மாவை இதைச் செய்யச் சொல்லாதீங்க, நீங்க செய்ங்க.)

எனக்கு எப்படி ஆச்சுன்னு சொல்றேன். எங்க வேலையில பாதி நேரம் அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் நிக்கணும், ஏணி மேல நின்னு ஃபேன் ஹூக்குல கை வைக்கறேன், அப்படியே சீலிங் கவுந்து கீழ வந்துச்சு. நல்ல வேளை ஹூக்கை கெட்டியா பிடிச்சிருந்தேன், கீழ ஏணி பிடிச்சிருந்த பையன் கால வளைச்சு பிடிச்சுக்கிட்டான். இறங்கி சுவத்துல சாஞ்சு கண்ண மூடி உக்காந்தா, வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி "காலையிலயே ஊத்திட்டு வந்துட்டியா?" வாழ்க்கையில தொட்டது இல்லங்க. அந்தத் தெருவுல அந்தப் பேச்சு பரவி, ரெண்டு மூணு வீடு வேற ஆளை வச்சுக்கிச்சு. இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா ஒரு மாதிரிதான் பாக்கறாங்க. என் மச்சான் பித்தம்னு சொல்லி இஞ்சிச் சாறு குடுத்தான், ஒரு டாக்டர் கழுத்து எலும்பு தேய்மானம்னு எக்ஸ்ரே எடுத்து பட்டை மாட்டி விட்டார், நம்ம வயசுல யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் இருக்கத்தானே செய்யும்? அப்புறம் தலைசுத்தல் மாத்திரை மாசக்கணக்கா. அந்த மாதிரி மாத்திரைல சிலது ரொம்ப நாள் போட்டா மூளை தானா சரிபண்ணிக்கறதையே தாமதப்படுத்தும்னு பொண்ணு புஸ்தகத்துல பாத்தப்ப எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. எல்லா டாக்டரையும் குறை சொல்லல, அடிக்க வராதீங்க.

கடைசியா ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மா, ஒரு மெஷினும் இல்ல, என்னை கட்டில்ல உக்கார வச்சு, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டுன்னு மல்லாத்தி, தலை கட்டிலுக்கு வெளிய தொங்கற மாதிரி பிடிச்சுக்கிட்டு என் கண்ணையே பாத்தாங்க. சுத்துச்சு பாருங்க! "கண்ணு ஓடுது, வலது காதுதான்"னாங்க. இந்த டெஸ்ட் 1952லயே லண்டன்ல டிக்ஸ், ஹால்பைக்னு ரெண்டு டாக்டருங்க எழுதி வச்சது, அஞ்சு பைசா செலவில்ல. அப்புறம் அதே கட்டில்லயே தலையை படிப்படியா மறுபக்கம் திருப்பி, குப்புற பாக்கற அளவுக்கு உருட்டி, ஒவ்வொரு நிலையிலயும் சுத்தல் அடங்கற வரைக்கும் நிறுத்தி, எழுப்பி உக்கார வச்சாங்க. துகளை குழாய் வழியாவே ஓட்டி பழைய பைக்குள்ள திருப்பி விடறதுதான் கணக்கு. இதைக் கண்டுபிடிச்சவர் அமெரிக்காவுல ஓரிகன்ல இருந்த ஜான் எப்லி. 1980ல டாக்டருங்க கூட்டத்துல காட்டினப்ப தலையை உருட்டி வைத்தியமான்னு நிறைய பேர் நம்பவே இல்லையாம், 1992லதான் கட்டுரையா வெளிய வந்துச்சு. என்னைக் குடிகாரன்னாங்க, அந்த மனுஷனை வித்தை காட்டறவர்னு நினைச்சிருப்பாங்க, போகட்டும்.

இவங்களுக்கெல்லாம் முன்னாடி ராபர்ட் பாரனின்னு வியன்னா டாக்டர் ஒருத்தர். காது கழுவி விடும்போது தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்தா ஆளுங்களுக்கு தலை சுத்துது, கண்ணு ஒரு பக்கமா ஓடுது, ரொம்ப சூடா இருந்தா கண்ணு எதிர்ப்பக்கமா ஓடுதுன்னு கவனிச்சு, சூட்டுல குழாய்க்குள்ள திரவம் நகருதுன்னு பிடிச்சுட்டார். 1914க்கான நோபல் பரிசு அவருக்குத்தான், சேதி வந்தப்ப மனுஷன் ரஷ்யாக்காரன்கிட்ட போர்க் கைதியா இருந்தார்.

    

உங்கம்மாவுக்கு வருவோம். நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு தடவை தலையைத் திருப்பி விட்டாலே அடங்கிரும், ஆனா எந்தக் காது, எந்தக் குழாய்னு பாத்துட்டுத்தான் செய்யணும், வீடியோ பாத்து நீங்களே அம்மா கழுத்தை திருப்பாதீங்க, கழுத்துல முதுகுல ஏற்கனவே பிரச்சனை இருக்கறவங்களுக்கு முறையே வேற. மறுபடி வரவும் வாய்ப்பிருக்கு, எனக்கு வந்துச்சு. வைட்டமின் டி கம்மியா இருந்தா அதையும் பாக்கச் சொல்லுங்க. தலைசுத்தலோட பேச்சு குழறினா, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா, ஒரு பக்கம் கை கால் மரத்தா, நிக்கவே முடியலன்னா இது காது இல்ல, பக்கவாதமா இருக்கலாம், அப்ப இந்தப் பதிலையெல்லாம் படிச்சுட்டு இருக்காம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு ஓடுங்க.

மத்தபடி அவசரமில்ல. எந்தப் பக்கம் புரண்டா சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துதுன்னு மட்டும் அம்மாகிட்ட கேட்டு வச்சுக்கங்க, அடுத்த தடவை போறப்ப டாக்டர் முதல்ல அதைத்தான் கேப்பார். படுக்க வச்சு கண்ணைப் பாக்காமலே ஸ்கேனுக்கு எழுதினா ஏன்னு நீங்க கேளுங்க.