அத்தையின் இருமலுக்குத்தான் முதல் பதில்

கேள்வி: இரண்டு வருடங்களாக எங்கள் வீட்டில் ஷாம்பு, பினாயில், ஆசிட் எதுவும் வாங்குவதில்லை. எல்லாமே இயற்கை. ஒன்பது வயது மகளுக்குத் தலையில் பொடுகு மாதிரி உதிர்கிறது. ஒரு எலுமிச்சம்பழச் சாற்றில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா குழைத்து வாரம் மூன்று முறை பூசுகிறேன். எரிகிறது என்று அழுகிறாள், குறையவும் இல்லை. பாத்ரூமுக்கு எலுமிச்சைத் தோலில் நானே தயாரிக்கும் பயோ என்சைம்தான். எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் என்பதால் கறை போவதில்லை. அதனால் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் தூவி அதன்மேல் என்சைமை ஊற்றிவிடுவோம். தேய்ப்பது அத்தைதான். ஒரு மாதமாக அவருக்கு இருமல், வயதாகிவிட்டது. பொடுகும் கறையும் போகக் கெமிக்கல் இல்லாத வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கரூர்

பதில்: பொடுகும் கறையும் காத்திருக்கட்டும் அம்மா. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: “ஒரு மாதமாக அவருக்கு இருமல், வயதாகிவிட்டது.” வயதானால் முழங்கால் வலிக்கும், பார்வை மங்கும். ஒரு மாதம் விடாமல் இருமினால் அதற்குக் காரணம் தேட வேண்டும். உங்கள் வீட்டில் அதிகம் தேட வேண்டியதில்லை, பாத்ரூமுக்குள்ளேயே இருக்க வாய்ப்பிருக்கிறது.

பழத்தோலும் வெல்லமும் மூன்று மாதம் புளித்துக் கிடைக்கிற உங்கள் என்சைம் ஓர் அமிலம். எலுமிச்சைச் சாறும் வினிகரும் அதே வகைதான். பிளீச்சிங் பவுடரில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே எதிரிப் படைமீது திறந்துவிட்ட வாயு இதுதான். பாத்ரூமில் அவ்வளவு வராது, ஆனால் கதவைச் சாத்திய சின்ன அறையில் கொஞ்சம் வந்தாலே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். குளோரின் காற்றைவிட கனமானது. மேலே இருக்கிற ஜன்னலைத் தேடிப் போகாமல் தரையோடு தங்கும். வாசலில் நின்று ஊற்றிவிட்டுப் போகிற உங்களுக்கு லேசான நெடி மட்டும் தெரியும். குத்துக்காலிட்டு, முகத்தைத் தரைக்கு ஒரு முழ உயரத்தில் வைத்துக்கொண்டு தேய்க்கிறவருக்குத்தான் மூச்சு முழுக்க அந்தக் காற்று போகும்.

அதனால் இன்றிலிருந்தே அந்தக் கலவையை நிறுத்துங்கள், குறைத்துப் பயன்படுத்தலாம் என்ற பேச்சே வேண்டாம். இனி எப்போதாவது தவறிக் கலந்து நெடி வந்தால் மேலும் எதையும் ஊற்ற நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும், கதவைத் திறந்துபோட்டு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. கண் எரிந்தால் பதினைந்து நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சு இறுக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம், வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அத்தையை இந்த வாரமே நெஞ்சு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். “இருமல்” என்று மட்டும் சொல்லாதீர்கள். எதோடு எதைக் கலந்தோம், எத்தனை நாளுக்கு ஒரு முறை, அவர் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார், எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இருமல் மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள், அவரும் திரும்பி வந்து அதே பாத்ரூமில் உட்காருவார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். காரணம் நமக்குத் தெரிந்துவிட்டது என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். குழந்தையின் மேல் கெமிக்கல் படக் கூடாது என்று இரண்டு வருடங்களாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறீர்கள். அந்தக் கவனம் வீட்டின் மூத்தவரிடம் வரும்போது எங்கே போனது? கலவையை முடிவு செய்பவர் ஒருவர், அதை முகர்பவர் இன்னொருவர் என்பது நியாயமே இல்லை. பாத்ரூம் கழுவுவது அத்தையின் வேலை என்று யார் முடிவு செய்தது? அவராகவே விரும்பிச் செய்தாலும் தடுப்பதுதான் மருமகளின் கடமை, அதற்கு முன்னால் மகனின் கடமை. உங்கள் வீட்டுக்காரர் கடிதத்தில் ஒரு வரியில்கூட வரவில்லை. அம்மாவின் இருமல் ஒரு மாதமாக அவர் காதிலும்தானே விழுகிறது? பாத்ரூம் இனி அவர் பொறுப்பு. அவர் ஊரில் இல்லாத வாரத்தில் நீங்கள் செய்யுங்கள்.

இனி கறை. உப்புக் கறை என்று நாம் சொல்வது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு. பிளீச்சிங் பவுடரே சுண்ணாம்பில் செய்வதுதான், அது எப்படிச் சுண்ணாம்பைக் கரைக்கும்? உங்கள் கலவையில் பவுடரும் அமிலமும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்வதால் கிருமியும் சரியாகச் சாகாது, கறையும் கரையாது. சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் ஒன்றே போதும். என்சைம் அதற்குப் போதிய வீரியம் இல்லாதது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட், வாங்கி ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரையுங்கள். காய்ந்த டைல்ஸில் ஊற்றி இருபது நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். குழாய் மூக்கில் கட்டிக் கிடக்கும் படிவுக்குப் பழைய துணியை இதில் நனைத்துச் சுற்றி வையுங்கள், ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், துணியில் நிற்கும். பல வருடப் படிவு ஒரே தடவையில் போகாது, நான்கைந்து வாரம் தொடர வேண்டியிருக்கும். போன பிறகு குளித்து முடித்ததும் தரைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு உலரவிட்டால் புதிதாகப் படிவது வெகுவாகக் குறையும்.

மார்பிள், மொசைக், கடப்பா கல் எதிலும் இந்தத் தண்ணீரோ என்சைமோ வினிகரோ படக் கூடாது. அவையும் சுண்ணாம்பு வகைதான், மெருகு அரித்துப்போய் நிரந்தரமாக மங்கிவிடும். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை நல்லது. கொட்டை நீக்கிய பதினைந்து தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மீன் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், மீனுக்கு விஷம்.

வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்து பிளீச்சிங் பவுடர் தேவைப்பட்டால், அமிலம் எதுவும் தொடாத நாளில், வெறும் தண்ணீரில் கரைத்து, கதவைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள்.

இப்போது மகளின் தலை. “எரிகிறது என்று அழுகிறாள்” என்று எழுதிவிட்டு, வாரம் மூன்று முறை பூசுகிறேன் என்றும் எழுதுகிறீர்கள். குழந்தை அழுதபோதே நிறுத்தியிருக்க வேண்டாமா? ஒரு பழச் சாற்றின் புளிப்பைத் தணிக்க ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான சோடா போதும். அப்போது வருகிற நுரை வெறும் வாயு, அதற்குச் சுத்தம் செய்கிற சக்தி கிடையாது. நீங்கள் போடுகிற மேசைக்கரண்டியில் மிச்சமெல்லாம் கரையாத துகளாக நின்று தலையைச் சிராய்க்கிறது, காரத்தன்மையோடு நின்று தோலை வறட்டுகிறது. வறண்ட தோல் மேலும் உதிரும், அதைப் பொடுகு என்று நினைத்து நீங்கள் மேலும் பூசுவீர்கள். வெறும் எலுமிச்சைச் சாறும் வேண்டாம். நெற்றியிலோ பிடரியிலோ வழிந்து அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும்.

முதலில் அது பொடுகுதானா? உண்மையான பொடுகு பெரும்பாலும் பருவம் வந்த பிறகு வருவது. ஒன்பது வயதில் பேனையும் படர்தாமரையையும் முதலில் சந்தேகப்பட வேண்டும். பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையை நனைத்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். ஊதினால் பறப்பது செதில். முடியில் ஒட்டிக்கொண்டு நகத்தால் உருவினால்தான் வருவது ஈறு. ஈறென்றால் ஈரத்தலையில் பேன்சீப்பால் மூன்று நாளுக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று வாரம் வாருங்கள். ஈறு ஒரு வாரம் பத்து நாளில் பொரிக்கும் என்பதால் நடுவில் விட்டால் மறுபடி முதலிலிருந்துதான். கற்பூரம் கலந்த எண்ணெய் தேய்க்காதீர்கள், குழந்தைகளுக்கு வலிப்பு வரக்கூடும். மண்ணெண்ணெய் கூடவே கூடாது.

வட்டமாகச் செதில், அதற்குள் முடி ஒடிந்து கரும்புள்ளி போல் நின்றால் அது படர்தாமரை. அதற்கு வேப்பிலையோ வெந்தயமோ கேட்காது. பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் பல வாரம் உள்ளுக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், தோல் மருத்துவர் கொடுப்பார். வீட்டு வைத்தியம் என்று தள்ளிப்போட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காமலே போகலாம். அவள் சீப்பையும் தலையணையையும் தனியாக வையுங்கள்.

எது என்று தெரியும்வரை இரவு முழுக்க எண்ணெய் ஊறவைக்காதீர்கள். பொடுகை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. செதில் தடித்திருந்தால் குளிப்பதற்கு அரை மணி முன்பு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு அலசினால் போதும். மருத்துவர் மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தால், இரண்டு வருட விரதம் கலைகிறதே என்று யோசிக்காமல் வாங்கிப் போடுங்கள்.

தோல் ஆறிய பிறகு வீட்டில் எல்லோர் தலைக்கும் சீயக்காய் தாராளமாகப் போதும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிவதுபோல் அது திரியாது. அரைக் கிலோ சீயக்காய், 100 கிராம் பச்சைப்பயறு, 50 கிராம் வெந்தயம், ஒரு பெரிய கைப்பிடி நிழலில் காய்ந்த செம்பருத்தி இலை. நாட்டு மருந்துக் கடையில் கார்போக அரிசியும் சேர்க்கச் சொல்வார்கள், குழந்தைக்கு வேண்டாம், வெயில் பட்டால் தோலைக் கொப்பளிக்க வைக்கும் பொருள் அதில் இருக்கிறது. மிளகாய் அரைத்த கையோடு மில்லில் கொடுக்காதீர்கள், முதலில் இரண்டு கை அரிசியை விட்டு ஓட்டச் சொல்லுங்கள். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்துவிடுங்கள், திப்பி தலையைக் கீறும். வெதுவெதுப்பான வடிகஞ்சியில் குழைத்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, தலையைப் பின்னால் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள், கண்ணில் பட்டால் வெகுநேரம் உறுத்தும்.